சாளக்கிராமமா, நத்தையா?

பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் போனபோது, களிப்பாறையில் சுருள் பதிந்த கல் ஒன்று கிடைத்தது. மாமியார் சாளக்கிராமம் என்கிறார். மகன் நத்தை என்கிறான். எது சரி?
– வாசகி, கிழக்குத் தாம்பரம்

மாமியாருக்கே கூடுதல் மதிப்பெண். கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்களில் தெரியும் சுருள் அம்மோனைட். காரையில் கிடைப்பதும் பெரும்பாலும் அதுதான். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்து உறவு. காரைக் களிப்பாறை சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு. அந்த வட்டாரத்து அம்மோனைட்டுகளை 1860களிலேயே புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா வகைப்படுத்திவிட்டார்.

மகனின் கட்சியையும் சோதித்துவிடலாம். கல்லை மேசையில் படுக்கவையுங்கள். சுருள் முழுதும் ஒரே தளத்தில் இருந்தால் அம்மோனைட் பக்கம். நடுப்பகுதி கோபுரம்போல எழும்பினால் நத்தை. அடுத்து, பூதக்கண்ணாடி. மேல் ஓடு உதிர்ந்த இடத்தில், இலை விளிம்பைப்போல நெளிநெளியாகக் கோடு ஓடினால் சந்தேகமே வேண்டாம், அம்மோனைட்தான். வெறும் வளைவாக இருந்தால் அதன் உறவான நாட்டிலஸ்.

தண்ணீரில் மட்டும் ஊறப்போடாதீர்கள். களிப்பாறை ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். பழைய டூத் பிரஷ் போதும். எடுத்த இடத்தைச் சீட்டில் எழுதிக் கல்லோடு வையுங்கள். ஆய்வாளர் முதலில் கேட்பது அதைத்தான். பிறகு மின்சார ரயிலேறி, கிண்டி வளாகத்திலுள்ள சென்னைப் பல்கலைக்கழக நிலவியல் துறையில் காட்டுங்கள்.

மகனுக்குத் தேடல் ஆசை தொற்றிக்கொண்டால் பல்லாவரம் மலைக்கு அனுப்பாதீர்கள். அது சார்னோக்கைட், பூமியின் ஆழத்தில் வெந்த பாறை, புதைபடிவம் இருக்காது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் களிப்பாறையிலோ இலைப் பதிவுகளோடு அம்மோனைட்டும் கிடைத்திருக்கிறது.