லயத்து முற்றத்தில் செண்பகம்

செண்பக விதை போட்டால் முளைப்பதில்லை என்று நம்மவர்கள் பலர் சொல்கிறார்கள். விதை மேல் குற்றமில்லை. நானும் ஒருமுறை அவரை விதை மாதிரி காயவைத்து டின்னில் போட்டு வைத்தேன், ஒண்ணுகூட முளைக்கவில்லை. இந்த விதை காய்ந்தால் செத்துப்போகும்.

காய் வெடித்து, சிவப்புச் சதையோடு விதை தெரியும்போதே பறியுங்கள். அந்தச் சதை முளைப்பைத் தடுக்கும். ஒரு நாள் ஊறப்போட்டு, மணலோடு தேய்த்துக் கழுவி, உள்ளே இருக்கும் கருத்த விதையை அன்றைக்கே பையில் ஊன்றி நிழலில் வையுங்கள்.

கன்றை மண்கட்டி உடையாமல் நடவேண்டும். தண்ணீர் தேங்கும் கான் ஓரம் ஆகாது.

கூரையை ஒட்டி மட்டும் நடாதீர்கள். சிங்களத்தில் சப்பு என்கிற இந்த மரம் நூறடி வரை வளரக்கூடியது. ஆனி, ஆடிக் காற்றில் கொப்பு முறிந்தால் தகரத்தோடு பிள்ளைகள் மேல் விழும். கோயில் பக்கத்து வெளியில் நடுங்க. வாசம் லயம் வரைக்கும் வரும்.