தலை குனிந்து நிற்கும் இசைக் கலைஞர்கள்

மேடையில் நான்கு பேர் நிற்கிறார்கள். மூவர் கையில் மின் கிடார். ஒருவர் முன்னே மின்னணுக் கருவிகள் அடுக்கிய மேசை. இசை தொடங்கிவிட்டது. ஆனால் நால்வரில் ஒருவர்கூடப் பார்வையாளர் பக்கம் தலை நிமிரவில்லை. தம் காலடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கூச்சமோ, அகந்தையோ என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் காலடியில்தான் வேலையே நடக்கிறது. அங்கே தரையில் பத்துப் பன்னிரண்டு சிறு பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் காலால் அழுத்தி இயக்கும் ஒரு மின்சுற்று.

1990-ஐ ஒட்டி இங்கிலாந்தில் இத்தகைய குழுக்கள் பல தோன்றின. அந்நாட்டு இசைப் பத்திரிகைகள் இவர்களைக் கேலி செய்து 'ஷூகேஸ்' என்று பெயரிட்டன. 'காலணியை வெறித்துப் பார்த்தல்' என்பது அதன் பொருள். கேலிப் பெயரே நிலைத்துவிட்டது. 1983-இல் டப்ளின் நகரில் தொடங்கிய மை பிளடி வேலன்டைன், 1989-இல் ரெடிங் நகரில் தொடங்கிய ஸ்லோடைவ் ஆகியவை இவற்றுள் புகழ் பெற்றவை. கிடாரோடு மின்னணு இசையையும் கலந்தவர்கள் பின்னர் வந்தனர். ஜெர்மானியரான உல்ரிக் ஷ்னாஸ் அவர்களில் ஒருவர்.

இவ்விசையைப் பெரிய விளையாட்டரங்கில் கேட்பதைவிடச் சிறு கூடத்தில் கேட்பதே சிறப்பு என்பது என் கருத்து. ஏனெனில் அங்கே கூடமும் ஓர் இசைக்கருவி ஆகிவிடுகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிங் டட்ஸ் வா வா ஹட் என்றோர் இசைக்கூடம் உண்டு. 1990-இல் தொடங்கப்பட்ட அக்கூடம் சுமார் 300 பேர் நின்றால் நிறைந்துவிடும். அதுபோன்ற ஒரு கூடத்தில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொண்டு, காதில் விழுவதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் கிடார். மின் கிடாரின் தந்திகள் எஃகினால் ஆனவை. அவற்றின் அடியில் காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருளும் உள்ளன. தந்தி அதிரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலேதான் இது. இந்தச் சிறிய மின்குறிப்பு முதற் பெட்டிக்குள் நுழைகிறது. அங்கே அதை அளவுக்கு மீறிப் பெருக்குகிறார்கள். ஆனால் பெருக்கி தரக்கூடிய மின்னழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு அல்லவா? அலையின் முகடுகளும் அகடுகளும் அந்த எல்லையில் முட்டி, கத்தரியால் வெட்டியதுபோல் தட்டையாகிவிடுகின்றன. வளைந்து நெளிந்த அலை சதுர அலையை ஒத்ததாக மாறுகிறது. அதனால் மூல அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளான மேற்சுரங்கள் பலவும் சேர்ந்து ஒலிக்கின்றன.

இரண்டு சுரங்களை ஒருசேர மீட்டினால் இன்னொரு விந்தையும் நிகழும். 110 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் என்ற இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சட்ஜமும் பஞ்சமமும் போல 2:3 விகிதத்தில் அமைந்தவை. வெட்டுப்பட்ட அலையில் இவற்றின் கூட்டுத்தொகையான 275 ஹெர்ட்ஸும், வேறுபாடான 55 ஹெர்ட்ஸும் புதிதாகத் தோன்றும். 55 ஹெர்ட்ஸ் ஒலியை யாரும் மீட்டவில்லை. அது மின்சுற்றில் பிறந்தது! இரண்டு தந்திகளிலிருந்து சுவர்போல் ஒலி எழும்புவதன் இரகசியம் இதுதான்.

அடுத்த பெட்டி காலத்தைத் தள்ளிப்போடும் பெட்டி. ஒலியை உள்ளே வாங்கி, சற்றுப் பொறுத்து வெளியே விடும். மின்குறிப்பை எப்படிக் காக்க வைப்பது? 1969-இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஓர் அழகிய வழி கண்டார்கள். தீப்பிடித்த வீட்டை அணைக்க ஊரார் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவார்களே, அதுபோல நூற்றுக்கணக்கான சிறு மின்தேக்கிகளை வரிசையாக வைத்து, மின்னூட்டத்தை ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தட்டிவிட்டார்கள். கடைசி மின்தேக்கியை அடைவதற்குள் சிறிது நேரம் கழிந்துவிடும். அதற்கு 'வாளி வரிசை' என்றே பெயர் வைத்தார்கள். இன்று பல பெட்டிகளில் ஒலி எண்களாக மாற்றப்பட்டு நினைவகத்தில் காத்திருக்கிறது. ஆயினும் வாளி வரிசையின் சற்றே மங்கிய ஒலியை விரும்பி இன்றும் பயன்படுத்துவோர் உண்டு.

வெளியே வந்த ஒலியில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பினால் எதிரொலி திரும்பத் திரும்பக் கேட்கும். ஒவ்வொரு முறையும் வீச்சு 70 சதவீதமாகக் குறைவதாகக் கொண்டால், பத்தாவது எதிரொலியில் சுமார் 3 சதவீதம் எஞ்சியிருக்கும். அதற்குள் கலைஞர் புதிய சுரங்களை மீட்டியிருப்பார். பழையதன் வாலும் புதியதன் தலையும் பின்னிக்கொள்கின்றன. இந்தப் பின்னலுக்குள் பாடகரின் குரல் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் கேட்கும். பாட்டின் சொற்கள் புரியவில்லையே என்று வருந்த வேண்டாம். குரலையும் ஒரு கருவியாகவே அவர்கள் கலந்திருக்கிறார்கள்.

சுரம் நிலையாக நில்லாமல் நீரில் ஆடும் நிழல்போல் அசைகிறதே, அது எப்படி? மை பிளடி வேலன்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் கிடாரின் பாலத்தில் பொருத்திய நெம்புகோலைக் கையில் பிடித்தபடியே தந்திகளை மீட்டினார். நெம்புகோல் அசையும்போது தந்தியின் இழுவிசை மாறுகிறது. அதனுடன் அதிர்வெண்ணும் மாறுகிறது. 1991-இல் வெளிவந்த 'லவ்லெஸ்' என்ற இசைத்தட்டு முழுவதும் இந்த அசைவைக் கேட்கலாம். இப்படிச் சற்றே விலகிய சுரமும் விலகாத சுரமும் சேர்ந்து ஒலித்தால் விம்மல்கள் தோன்றும் என்பது நீங்கள் இயற்பியல் பாடத்தில் படித்ததுதான். இரண்டு கைப்பேசிகளில் ஒலி எழுப்பும் செயலியைக் கொண்டு 220 ஹெர்ட்ஸும் 222 ஹெர்ட்ஸும் மெல்லிய ஒலியில் வைத்துப் பாருங்கள். விநாடிக்கு இரண்டு விம்மல்கள் கேட்கும். பிறகு இரண்டாவதை மெல்ல 260 ஹெர்ட்ஸ்வரை உயர்த்துங்கள். விம்மல்களை எண்ண முடியாமற்போகும் இடத்தையும், இரண்டு தனிச் சுரங்களாகக் கேட்கத் தொடங்கும் இடத்தையும் குறித்து வையுங்கள். இரண்டும் ஒரே இடமாக இராது.

பள்ளி ஆண்டுவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் அருகே கொண்டுபோனதும் 'கூ' என்று அலறுமே! பெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து, மேலும் பெருகி, சுற்றிச் சுற்றி வருவதால் எழும் பின்னூட்ட அலறல் அது. நாம் காதைப் பொத்திக்கொள்ளும் அதே நிகழ்வை இவர்கள் இசையாக்கிவிட்டார்கள். கிடாரை ஒலிபெருக்கியின் முன் காட்டி நிற்கிறார் கலைஞர். ஒலி தந்தியை அதிரச் செய்கிறது. தந்தி மேலும் ஒலி தருகிறது. விரலே படாமல் சுரம் நீண்டுகொண்டே போகும். எவ்வளவு தள்ளி, எந்தக் கோணத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து எந்த மேற்சுரம் வெல்லும் என்பது மாறும்.

கூடம் செய்யும் வேலை

இப்போது மேசைக் கருவியிலிருந்து ஆழ்ந்த ஒலி ஒன்று வருகிறது. மின்னணு அலையியற்றி தரும் 49 ஹெர்ட்ஸ் அலை என்று கொள்வோம். காற்றில் ஒலியின் திசைவேகம் 20 டிகிரி செல்சியஸில் விநாடிக்கு 343 மீட்டர். ஆகவே அதன் அலைநீளம் 7 மீட்டர். கூடத்தின் அகலமும் 7 மீட்டர் என்றால் என்னவாகும்? எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலை அலைகள் உண்டாகும். சுவரோரத்திலும் நடுவிலும் அழுத்த மாற்றம் மிகுதி. ஒவ்வொரு சுவரிலிருந்தும் 1.75 மீட்டர் தள்ளி அது மிகக் குறைவு. சுவரில் சாய்ந்து நின்றால் நெஞ்சு அதிரும். இரண்டு எட்டு முன்னால் வைத்தால் அந்த ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும். மேலும் இரண்டு எட்டு வைத்தால் திரும்ப வந்துவிடும். அருகருகே நிற்கும் நண்பர்கள் இருவர் ஒரே பாட்டை வேறு வேறாகக் கேட்டுவிட்டு, வெளியே வந்து சண்டையிடுவதும் நடக்கக்கூடியதே.

பிற்பகலில் கலைஞர்கள் காலிக் கூடத்தில் வாசித்துப் பார்ப்பார்கள். மாலையில் கூட்டம் நிறைந்ததும் ஒலியே மாறிவிடும். காரணத்தைக் கணக்கிட்டுச் சொன்னவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் சபைன். 1895-இல், பேச்சே விளங்காத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்செய்யும் பணி அவரிடம் வந்தது. இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஆர்கன் குழாய் ஒன்றை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை இரவுகளில் அளந்தார். ஒலியின் செறிவு பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம் எதிர்முழக்க நேரம் எனப்படும். கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உட்கவர் பரப்பால் வகுத்தால் அது விநாடியில் கிடைக்கும்.

நம் கூடம் 15 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் எனில் கன அளவு 420 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்ந்த பரப்பு 386 சதுர மீட்டர். அவை தம்மீது படும் ஒலியில் பத்தில் ஒரு பங்கை விழுங்கினால் உட்கவர் பரப்பு 38.6 சதுர மீட்டர். எதிர்முழக்க நேரம் சுமார் 1.75 விநாடி. இப்போது 200 பேர் உள்ளே வருகிறார்கள். உடையணிந்த ஒருவர் ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமமாக ஒலியை விழுங்குவார். எதிர்முழக்க நேரம் சுமார் அரை விநாடியாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் ஆழ்ந்த ஒலிகளை மனித உடல் அவ்வளவாக விழுங்குவதில்லை. அவை அப்படியே உருண்டுகொண்டிருக்கும். ஒலிப் பொறியாளர் மாலையில் எல்லாவற்றையும் திருத்தியமைப்பது இதனால்தான்.

காதின் கணக்கு

இவ்வளவு உரத்து ஏன் வாசிக்க வேண்டும்? வெறும் ஆர்ப்பாட்டம் என்று தள்ளிவிட முடியாது. மெல்லிய ஒலியில் நம் செவி ஆழ்ந்த சுரங்களைச் சரிவர உணராது என்பதை 1933-இல் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினர். ஒலியைக் குறைத்தால் இசையின் அடித்தளமே கரைந்துவிடும். கலைஞர்கள் கேட்பது நியாயமே. ஆனால் செவி தன் கணக்கை வேறாக எழுதுகிறது.

ஒலிச் செறிவு இருமடங்கானால் டெசிபெல் அளவு 3 மட்டுமே கூடும். 100 டெசிபெல் என்பது 85-ஐவிடச் சற்றுத்தான் கூடுதல் என்று தோன்றும்; உண்மையில் அது 32 மடங்கு செறிவு. தொழிலாளர் நலனைக் கவனிக்கும் அமெரிக்கத் தேசிய நிறுவனம் ஒன்றின் பரிந்துரைப்படி நாளொன்றுக்கு 85 டெசிபெலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி என்று இறங்கி, 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். இசைக்கூடங்களில் 100 டெசிபெல் அரிதன்று. ஒன்றரை மணி நேரக் கச்சேரி என்றால் ஆறு நாள் பங்கை ஒரே மாலையில் செலவிட்டுவிடுகிறீர்கள்! உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசைக்கூடங்களுக்கு வகுத்த நெறியில், 15 நிமிடச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டலாகாது என்றும், காதடைப்பான்களும் அமைதியாக ஒதுங்க ஓர் இடமும் தரப்பட வேண்டும் என்றும் கூறியுள்ளது. இது மேல் எல்லையே தவிர, பாதுகாப்புச் சான்று அன்று.

உட்செவியின் காக்ளியாவில், காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் உள்ளன. அதிர்வை நரம்புத் துடிப்பாக்குபவை இவையே. கோழிக்குஞ்சுக்கு இவை அழிந்தால் மீண்டும் முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை. கச்சேரி முடிந்த இரவு காதில் 'ஙொய்' என்ற ரீங்காரம் கேட்டு, மறுநாள் அடங்கிவிடுவதுண்டு. அடங்கிவிட்டதே, இனிக் கவலை இல்லை என்றுதான் நெடுங்காலம் கருதினார்கள். 2009-இல் குஜாவா, லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் சுண்டெலிகளை 100 டெசிபெல் ஒலியில் இரண்டு மணி நேரம் வைத்தனர். சில வாரங்களில் அவற்றின் கேட்கும் திறன் சோதனையில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தபோது, உயர்ந்த சுரங்களைக் கேட்கும் பகுதியில் மயிர்ச் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் ஏறக்குறைய பாதி போய்விட்டிருந்தது. எலிக்கு நேர்ந்தது அதே அளவில் மனிதருக்கும் நேரும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் ரீங்காரம் அடங்கியதை நலமடைந்ததற்குச் சான்றாகக் கொள்வது இனி இயலாது.

கிளாஸ்கோவுக்கு நான் எங்கே போகப்போகிறேன் என்கிறீர்களா? உங்கள் பையில் இருக்கும் காதணிக் கருவிக்கும் இதே கணக்குத்தான். சிறுவர்களுக்கு 75 டெசிபெலில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் அளவு. ஒலியை 10 டெசிபெல் உயர்த்தினால் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

மை பிளடி வேலன்டைன் குழுவினர் 2008-இல் மீண்டும் மேடையேறியபோது, ரசிகர்களுக்கு வாயிலிலேயே காதடைப்பான்கள் வழங்கப்பட்டன. ஒரே சுரக்கட்டைப் பல நிமிடங்கள் இடையறாது முழக்கும் பாட்டு ஒன்று அவர்களுடைய நிகழ்ச்சியில் உண்டு. 15 டெசிபெல் குறைக்கும் அடைப்பான் 100-ஐ 85 ஆக்கிவிடும். 15 நிமிடம் 8 மணி நேரமாகிவிடும். பஞ்சுருண்டை இதற்கு உதவாது. நுரையாலான அடைப்பானை விரல்களால் மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு பேசிப் பாருங்கள். உங்கள் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் அது சரியாகப் பொருந்தியிருக்கிறது.