கட்டடம் எழுப்பும் கரங்கள்

நாம் பயிலும் பள்ளியைக் கட்டியவர் யார்? சுவர் எழுப்பிய கொத்தனாரை நாம் எண்ணுகிறோம். செங்கல்லையும் கலவையையும் தலையில் சுமந்து அவருக்குக் கொடுத்த பெண்ணை எண்ணுவதில்லை. தமிழ்நாட்டில் அவரைச் 'சித்தாள்' என்பர். அவருடைய உழைப்பும் அச்சுவரில் கலந்துள்ளது.

1969 ஆம் ஆண்டு காந்தியடிகளின் நூற்றாண்டு விழாவிற்காகத் தில்லி ராஜ்காட் அருகே கண்காட்சிக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. அங்கு வேலை செய்த பெண்களின் கைக்குழந்தைகள் வெயிலிலும் புழுதியிலும் கிடந்தன. அக்காட்சியைக் கண்டு மனம் பொறாத மீரா மகாதேவன், அவ்விடத்திலேயே ஒரு கூடாரம் அமைத்துக் குழந்தைகளைப் பேணத் தொடங்கினார். 'மொபைல் கிரெச்சஸ்' என்னும் அமைப்பு இவ்வாறு பிறந்தது. 'நடமாடும் குழந்தைகள் காப்பகம்' என்பது அப்பெயரின் பொருள். ஓரிடத்தில் பணி முடிந்ததும் கட்டடத் தொழிலாளர் வேறிடம் செல்வர். ஆகவே, காப்பகமும் அவர்கள் வேலை செய்யும் இடத்திற்கே செல்ல வேண்டியதாயிற்று.

காப்பகத்தில் குழந்தைக்கு உணவும் உறக்கமும் பாதுகாப்பும் கிடைக்கின்றன. தாய் வேலைக்கு இடையே வந்து பாலூட்டலாம். மற்றொரு நன்மையும் உண்டு. காப்பகம் இல்லாத இடத்தில் தம்பியையும் தங்கையையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண்குழந்தையின் மீது விழுகிறது. அவளுடைய படிப்பு நின்றுவிடுகிறது. ஆதலால் ஒரு காப்பகம், தாயின் வேலையோடு மகளின் கல்வியையும் காக்கிறது. குழந்தை தந்தைக்கும் உரியது. எனவே, இந்த ஏற்பாடு குடும்பம் முழுவதற்கும் உரியதாகும்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்பது நம் அரசமைப்பின் நெறி. 1976 ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் கட்டுமான இடங்களில், ஆறு வயதிற்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அறை அமைக்க வேண்டும் என்று 1996 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. எனினும், சிறிய வீடுகள் கட்டப்படும் இடங்களில் அவ்வளவு பெண்கள் இருப்பதில்லை. அவர்களுடைய குழந்தைகளை யார் காப்பது?

சம ஊதியத்திற்கு வேறொரு தடையும் உண்டு. சுமக்கும் வேலைக்குக் கூலி குறைவு. சுவர் எழுப்பும் வேலைக்குக் கூலி மிகுதி. பெண் பல ஆண்டுகள் உழைத்தாலும் கொத்தனார் வேலை அவருக்குக் கற்பிக்கப்படுவதில்லை. இந்நிலையை மாற்ற முடியும் என்பதற்கு ஜார்க்கண்ட் மாநிலம் சான்றாகும். தூய்மை இந்தியா இயக்கத்தின்போது அங்குப் பெண்கள் கட்டட வேலை பயின்று கழிப்பறைகளைக் கட்டினர். மக்கள் அவர்களை 'ராணி மிஸ்திரி' என அழைத்தனர். கரண்டியும் தூக்குநூலும் அப்பெண்களின் கைக்கு வந்தன.

மாணவர்களே! அடுத்த முறை ஒரு கட்டடப் பணியைக் காணும்போது, அங்குக் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

சொற்பொருள்

பொறாத – தாங்காத
பேணுதல் – பாதுகாத்து வளர்த்தல்
நெறி – கொள்கை
தூக்குநூல் – சுவர் நேராக உள்ளதா எனப் பார்க்கும் கருவி

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. அச்சுவர்
2. அவ்விடம்
3. இந்நிலை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மீரா மகாதேவன் கூடாரம் அமைத்தது ஏன்?
2. காப்பகம் மகளின் கல்வியை எவ்வாறு காக்கிறது?
3. 'ராணி மிஸ்திரி' எனப்பட்டோர் யாவர்?

இ. சிந்தித்து எழுதுக.
சிறிய கட்டுமான இடங்களில் பணிபுரியும் பெண்களின் குழந்தைகளைக் காக்க உங்கள் ஊரில் என்ன செய்யலாம்? ஐந்து தொடர்களில் எழுதுக.