தடித்த எழுத்தில் வரும் எண்கள்

அன்புள்ள தங்கைக்கு,

மாணவர்களுக்காக நீ எழுதிய ரத்தப் பரிசோதனைக் கட்டுரை கைக்கு வந்தது. தன்னைவிடக் குறுகலான தந்துகிக்குள் சிவப்பணு உடலை நெளித்து நுழைவதையும், சுமார் 120 நாள் ஓடியாடிய பிறகு மண்ணீரலில் சிதைவதையும் சொல்லியிருக்கும் பத்தி அபாரம். பாடநூல் எழுதுகிறவர்கள் உன்னிடம் பாடம் கேட்க வேண்டும்.

ஆனால் அந்த அட்டவணை! அளவுக்குள் இருந்தால் ஆரோக்கியம், தாண்டினால் நோய் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே. அங்கேதான் கோபம் வந்தது.

அறிக்கையின் வலது ஓரத்தில் அச்சாகும் அந்த அளவுகள் பெரும்பாலும் எப்படிப் பிறக்கின்றன? ஆரோக்கியமானவர்கள் பலரின் ரத்தத்தைச் சோதித்து, கிடைத்த எண்களை வரிசைப்படுத்தி, இரு முனையிலும் இரண்டரை சதவீதத்தைக் கழித்துவிடுகிறார்கள். நடுவில் நிற்கும் 95 சதவீதம்தான் ‘நார்மல்’. அதாவது, ஒரு நோயும் இல்லாத 20 பேரில் ஒருவர் எப்படியும் வெளியே நிற்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஓர் ஆரோக்கியமான மனிதருக்குச் செய்தால், ஒன்றாவது எல்லை தாண்ட ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு உண்டு. ‘மாஸ்டர் செக்கப்’ முடித்து வந்த அப்பாவின் அறிக்கையில் தடித்த எழுத்தில் ஓர் எண்ணைப் பார்க்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளை, உன் கட்டுரையை நம்பினால் அன்றிரவு தூங்காது.

எல்லா எல்லையும் இப்படி வந்ததில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-ஐத் தொட்டால் நீரிழிவு என்பது, எந்த அளவுக்கு மேல் விழித்திரை பழுதாவது அதிகரிக்கிறது என்று பார்த்து வகுத்த கோடு. இரண்டையும் ஒரே அட்டவணையில் அடைத்தது தப்பு.

அடுத்தது, உன் கட்டுரை இயந்திரத்தில் தொடங்குகிறது. ஊசி போட்ட கை எங்கே? மாதிரி எடுக்கும் மேசையில் ஊதா மூடி, சாம்பல் மூடி என்று குழாய்கள் நிற்குமே, அவை அழகுக்கா? ஊதா மூடிக்குள் ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. இருக்கிறது. சாம்பல் மூடிக்குள் ஃபுளோரைடு. அது இல்லாத குழாயில் ரத்தத்தை அப்படியே விட்டுவைத்தால், அணுக்கள் உயிரோடு இருந்து சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சிரிஞ்சை வேகமாக இழுத்துச் சிவப்பணுக்கள் உடைந்தால், உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி, நல்ல இதயக்காரருக்கும் ஆபத்து என்று காட்டும். லேப் டெக்னீஷியனை விட்டுவிட்டு நோயறிதலை எழுத முடியாது, தங்கச்சி.

இயந்திரம் வராத காலத்தில் ஹீமோகுளோபினைச் சாலி முறையில் பார்ப்பார்கள். கோடு போட்ட சிறு குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதில் 0.02 மில்லி ரத்தம், வாயால் உறிஞ்சி அளந்து விட வேண்டும். பத்து நிமிடத்தில் அது பழுப்பாகும். பிறகு காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கண்ணாடிக் குச்சியால் கலக்கி, பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியோடு நிறம் ஒத்துப்போகும் இடத்தில் அளவைப் படிப்பார்கள். ஜன்னலோரம் வெளிச்சத்தில் குழாயைத் தூக்கிப் பிடித்து, “இன்னொரு சொட்டு விடலாமா?” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் பெரியவர்களை அன்று எல்லா ஆய்வகத்திலும் பார்க்கலாம். ஒரே ரத்தத்துக்கு இரண்டு பேர் இரண்டு எண் சொல்வதும் வழக்கம்தான். எண்ணுக்குப் பின்னால் ஒரு கண் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. உன் வாசகர்கள் வளரும் பிள்ளைகள். எலும்பு வளரும் வயதில் ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி பெரியவர்களைப் போல இரண்டு மூன்று மடங்குகூட இருக்கும். பெரியவர்களின் அளவை வைத்துப் பார்த்தால், நன்றாக வளரும் பையனுக்கு ஈரல் கெட்டதுபோலத் தெரியும். உன் அட்டவணையில் அந்த வரிக்கு நேரே பெரியவர்களின் அளவு மட்டுமே இருக்கிறது. புத்தகமாகப் போடும் முன் அதை வயதுவாரியாகப் பிரித்துவிடு. சாம்பல் மூடிக் குழாய்க்கு ஒரு பக்கம் ஒதுக்கு.

அன்புடன்,
அண்ணன்