கழுத்துக் கட்டியும் குட்டி ஆர்.என்.ஏ.வும்



கொடைக்கானல் என்றதும் எல்லாருக்கும் ஏரியும் குறிஞ்சியும் மலைப்பூண்டும்தான் ஞாபகம் வரும். எங்களைப் போன்ற மலைக்காரர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும்: கழுத்துக் கட்டி. அந்தக் கட்டிக்குள் நடக்கிற ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் மெக்கானிக்கல் மாணவன், டாக்டர் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க, இது நம்ம வொர்க்‌ஷாப்பில் நடக்கிற வேலை மாதிரியே இருக்கிறதே என்று தோன்றியது. அந்த வழியிலேயே சொல்கிறேன்.

மலையும் அயோடினும்

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம், பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி. எடை சுமார் 20 கிராம்தான். உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை இதன் ஹார்மோன்கள்தான் தீர்மானிக்கின்றன. அவற்றைத் தயாரிக்க வேண்டிய மூலப்பொருள் அயோடின். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும்.

ஆனால் மலைச்சரிவில் பெய்யும் மழை, மண்ணில் உள்ள அயோடினைக் கரைத்துக் கீழே கொண்டு போய்விடும். அதனால்தான் இமயமலை, ஆல்ப்ஸ் போன்ற மலைநாடுகளில் இந்தக் குறை அதிகம் இருந்தது. மூலப்பொருள் குறைந்தால் சுரப்பி தன்னையே பெரிதாக்கிக்கொண்டு, கிடைப்பதைப் பிடிக்கப் பார்க்கும். அதுதான் முன்கழுத்துக் கழலை.

இமாச்சலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி.ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-ல் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்று காட்டியது. 1962-ல் தேசியத் திட்டம் வந்தது. 2006 முதல், சாப்பாட்டுக்கு விற்கிற உப்பில் அயோடின் கட்டாயம். கடையில் வாங்கும்போது 15 பி.பி.எம். இருக்க வேண்டும். அதாவது ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம். 10 கிராம் உப்புக்கு 150. கணக்கு சரியாக வருகிறதா? (அதற்காக உப்பை அள்ளிப் போட வேண்டாம். ரத்தக்கொதிப்பு காத்திருக்கிறது!)

கழலை வேறு, புற்றுநோய் வேறு. தைராய்டில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. எது புற்று, எது வெறும் கட்டி என்று பிரிப்பதில்தான் சிக்கல்.

டிராயிங் ஆபீஸ் கதை

நம்ம ஒவ்வொரு செல்லும் ஒரு தொழிற்சாலை. டி.என்.ஏ. என்பது டிராயிங் ஆபீஸில் பூட்டி வைத்திருக்கும் ஒரிஜினல் டிராயிங். அது வெளியே வராது. அதன் காப்பி ஷாப்புக்கு வரும். அந்தக் காப்பிதான் தூது ஆர்.என்.ஏ. அதைப் பார்த்து ரைபோசோம் என்கிற மெஷின் புரதத்தைச் செய்யும்.

இங்கே ஒரு சூப்பர்வைசரும் உண்டு. அவர்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 எழுத்து நீளமே உள்ள குட்டி. தனக்குப் பொருந்துகிற காப்பியைத் தேடிப் பிடித்து, ‘இந்த ஜாப் வேண்டாம், நிறுத்து’ என்று சொல்லிவிடுவார். சில சமயம் காப்பியே அழிந்துவிடும். ஒரு சூப்பர்வைசர் பல ஜாப்களை நிறுத்தலாம். 1993-ல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் இதைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்குனுக்கும் 2024-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பிரேக் இல்லாத பஸ்

சூப்பர்வைசர் அளவோடு இருந்தால் நல்லது. பாப்பில்லரி என்ற வகைதான் தைராய்டு புற்றுநோயில் மிக அதிகம். அதில் 221, 222, 146பி என்ற எண்ணுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருப்பதை 2005 முதல் விஞ்ஞானிகள் காட்டி வருகிறார்கள்.

அதனால் என்ன? பி27 என்று ஒரு புரதம் உண்டு. செல் கண்டபடி பிரியாமல் தடுக்கிற பிரேக் அது. 221-ம் 222-ம் சேர்ந்து அந்தப் பிரேக் தயாரிப்பையே நிறுத்திவிடுகின்றன. பெருமாள்மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்குகிற பஸ்ஸில் பிரேக் இல்லை என்றால் எப்படி இருக்கும்? அந்த நிலைதான் செல்லுக்கு.

146பி இன்னொரு வேலை செய்கிறது. அயோடினை செல்லுக்குள் இழுக்கிற ‘கதவு’ ஒன்று உண்டு. அந்தக் கதவின் தயாரிப்பையும் அது குறைக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சமிருக்கிற புற்றுச் செல்களைக் கொல்ல, கதிரியக்க அயோடின்-131 கொடுப்பார்கள். கதவு சாத்தியிருந்தால் மருந்து எப்படி உள்ளே போகும்? சிலருக்கு அந்தச் சிகிச்சை பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்டுபிடிப்பதில் என்ன லாபம்?

கழுத்துக் கட்டிக்கு முதலில் ஸ்கேன், பிறகு மெல்லிய ஊசியால் செல் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பலருக்குத் தெளிவான பதில் கிடைத்துவிடும். சிலருக்கு மட்டும் ‘சொல்ல முடியவில்லை’ என்று வரும்.

எங்க அத்தைக்கு அப்படித்தான் வந்தது. சந்தேகத்தோடு விடக்கூடாது என்று முழுச் சுரப்பியையும் எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு பரிசோதித்ததில் புற்று இல்லை. சந்தோஷம்தான். ஆனால் இனி ஆயுள் முழுக்கத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. மாத்திரை தீர்ந்தால் மலையிலிருந்து பஸ் ஏறி இறங்க வேண்டும், ஒரு நாள் கூலி போச்சு. டாக்டரைக் குறை சொல்லவில்லை. அன்று கையில் இருந்த தகவல் அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. உதவுகிறது. குட்டியாக இருப்பதால் சீக்கிரம் சிதையாது. ஊசியில் வந்த கொஞ்சம் செல்லிலிருந்தே அளக்கலாம். எந்தெந்தக் குட்டி கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று பார்த்து, சந்தேகக் கட்டிகளைப் பிரிக்கிறார்கள். அமெரிக்காவில் இது விற்பனைக்கே வந்துவிட்டது. நம்ம அரசு ஆஸ்பத்திரிகளில் இன்னும் வழக்கமான சோதனையாகவில்லை. இதுவும் நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்லிவிடாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தென்கொரியாவில் எல்லாரும் ஸ்கேன் எடுக்கப் போய், 2011-ல் தைராய்டு புற்று எண்ணிக்கை 1993-ஐப் போல 15 மடங்கானது. ஆனால் இறப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தேடித் தேடிக் கண்டுபிடிப்பது மட்டும் வெற்றியல்ல. எது ஆபத்து என்று தெரிவதுதான் வெற்றி.

நமக்கு இதில் என்ன வேலை?

‘இதெல்லாம் டாக்டர் சமாச்சாரம்’ என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ.வை அளக்கிற பி.சி.ஆர். மெஷினைப் பாருங்கள். 95 டிகிரிக்குச் சூடாக்கும், 60 டிகிரிக்கு ஆற்றும், மறுபடியும் சூடாக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பிரதி இரட்டிப்பாகும். 30 சுற்றில் ஒன்று 107 கோடியாகிவிடும்! ஹீட்டர், சென்சார், ஒளியை அளக்கிற டிடெக்டர் – எல்லாம் நம்ம மூன்று டிபார்ட்மென்ட் பாடம். காசநோய்க்கு ‘ட்ரூநாட்’ என்ற பேட்டரியில் ஓடும் சின்ன பி.சி.ஆர். மெஷினை நம் நாட்டிலேயே செய்து, ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுபோய்விட்டார்கள். மன்னவனூர் மாதிரி ஊருக்கும் ஒரு நாள் தைராய்டு சோதனை அப்படி வரலாம். அதைச் செய்கிறவர்களில், ரிப்பேர் பார்க்கிறவர்களில் நாமும் இருக்கலாமே!

அதுவரை செய்ய வேண்டியது இரண்டுதான். வீட்டில் அயோடின் உப்பு வாங்குங்கள். டப்பாவை மூடி வையுங்கள். கழுத்தில் கட்டி தெரிந்தால் பயப்படவும் வேண்டாம், மூடி மறைக்கவும் வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள். ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தால் அம்மா, அத்தைக்கு அதைப் படித்துச் சொல்ல இனி நாம் இருக்கிறோம்.