சமையலறைக்குக் கூடுதல் பிளக் பாயிண்ட்

கேள்வி: எங்கள் பழைய வீட்டுச் சமையலறையில் ஒரே பிளக் பாயிண்ட்தான். ஊரில் வயரிங் பழகியவன் நான். இங்கும் நானே இரண்டு பாயிண்ட் இழுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், வென்ட்வொர்த்வில், சிட்னி

பதில்: கூடாது. கடையில் சாக்கெட்டை யாருக்கும் விற்பார்கள்; மாட்டத்தான் லைசென்ஸ் வேண்டும். மெல்பர்னிலும் இதே சட்டம்தான்.

பாயிண்ட் கூடினாலும் லைனின் தெம்பு கூடாது. 2,200 வாட் கெட்டில் ஒன்றே 230 வோல்ட்டில் ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். கூடவே ஏர் ஃபிரையர், டோஸ்டர் என்று ஓடினால் 20 ஆம்பியர் பிரேக்கர் திணறும். (மாவரைக்கும் கிரைண்டர் பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள்.) எலக்ட்ரீஷியனிடம் சமையலறைக்குத் தனி சர்க்யூட் கேளுங்கள். போர்டில், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. இருக்கிறதா என்று பார்த்து, டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் மின் வேலைக்கான இணக்கச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள்.