சாமியும் வேணும், டாக்டரும் வேணும்

இம்மாதப் பாடம் மனநோய் பற்றியது.

நான் பொறியியல் மாணவன். கூலிம் ஹைடெக் பூங்காவில் தொழிற்பயிற்சி செய்கிறேன். 1996இல் திறக்கப்பட்ட இந்தப் பூங்காவில், சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வந்த நம் பிள்ளைகள் பலர் இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் தூக்கம் கெட்டு, தனக்குத்தானே பேச ஆரம்பித்தால் வீட்டில், "காத்து கருப்பு பட்டிருக்கும்" என்பார்கள். கூட்டாளிகள், "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்டா!" என்று சிரிப்பார்கள். அந்த ஊரில் 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனையின் இன்றைய பெயர் பஹாகியா. மகிழ்ச்சி என்று பொருள். நாம் ஊர்ப் பெயரையே வசையாக்கிவிட்டோம்.

எனக்குத் தெரிந்த தோட்டத்து அண்ணன் ஒருவர் இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். "வெளிய தெரிஞ்சா தங்கச்சிக்கு மாப்பிள்ளை கிடைக்காதுடா" என்றார். நோயைவிட ஊர் வாய்க்குத்தான் அவர் அதிகம் பயந்தார்.

கோவிலுக்குப் போவது தவறா?

இல்லை. தமிழ்நாட்டில் மனநோயாளிகள் தங்கி வழிபடும் முத்துசாமி கோவில் ஒன்றை மனநல மருத்துவர் ரகுராமும் குழுவினரும் ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 31 பேர் சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். காலையில் வழிபாடு, பிறகு கோவிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. அவ்வளவுதான். நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்தது. பயமுறுத்தாத, அரவணைக்கும் சூழல் உதவியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. சிறிய ஆய்வுதான், அதை வைத்து மருந்தே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது.

ஏர்வாடி தரும் பாடம்

2001 ஆகஸ்டு 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். குணமாகும் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே 'தவா-துவா' திட்டம் வந்தது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. தொழ வருபவர் அங்கேயே மருத்துவரையும் பார்க்கலாம். எந்த மதத்தவரும் பின்பற்றத்தக்க வழி இது.

நாம் செய்யக்கூடியவை

1. கோவில் இளைஞர் பிரிவு, வருடத்துக்கு ஒரு முறையாவது அரசாங்க கிளினிக்கிலிருந்து ஒருவரை அழைத்து மனநலம் பற்றிப் பேச வைக்கட்டும். கோவில் மண்டபத்தில் பேசினால் பெரியவர்களும் கேட்பார்கள்.

2. "டாக்டரிடம் போ" என்று சொல்வதோடு நிற்காமல் கூடவே போங்கள். அந்த அண்ணனை அர்ச்சனை முடிந்த கையோடு அப்படித்தான் கூட்டிப் போனோம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. தேவைப்பட்டால் மருத்துவமனை நிபுணருக்குக் கடிதம் தருவார்கள்.

3. "வாழவே பிடிக்கல" என்று யாராவது சொன்னால் தனியே விடாதீர்கள். 15555 என்ற எண்ணில் சுகாதார அமைச்சின் மனநல உதவி கிடைக்கும். உடனடி ஆபத்து என்றால் 999. போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயம் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவை நீக்க நம் நாடாளுமன்றம் 2023இல் ஒப்புதல் அளித்தது.

கலந்து பேசுங்கள்

- நம் வட்டாரத்தில் மனநோயாளி உள்ள குடும்பத்தைத் திருவிழாவுக்கு நாம் அழைக்கிறோமா?
- நம் வாட்ஸ்அப் குழுவில் எந்தக் கேலிச் சொல்லை இன்றோடு நிறுத்தலாம்?
- அடுத்த மாதத்துக்குள் கிளினிக்கில் போய்ப் பேசி வருபவர் யார்? பெயரை இன்றே எழுதிக்கொள்ளுங்கள்.